தடத்தில் ஓட்டினால் ரோட்டில் புத்தி வருமா?

"வேகம் வேண்டுமா, ரோட்டை விட்டுத் தடத்துக்கு வா" என்பது கார்ப் பந்தயப் பிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் போய், 1990 முதல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடமே இருக்கிறது. பயிற்சி நாட்களில் பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, அந்த 3.7 கிலோமீட்டர் சுற்றில் சொந்தக் காரையே ஓட்டலாம். ஆனால் அந்த நியாயம் பாதிதான் நிற்கிறது.

நிற்கிற பாதி, பிரேக். என் நான்காவது சுற்றில் நேர்பாதை முடியும் இடத்தில் மிதித்தேன். பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155தான். மூன்று வருடமாக மாற்றாத அந்த ஆயிலோடுதான் பிள்ளைகளை ஊட்டி மலையிலிருந்து இறக்கி வந்திருக்கிறேன். கட்டிய பணத்துக்கான பலன் அந்த ஒரு மிதியிலேயே கிடைத்துவிட்டது.

மறுபாதி அன்று மாலையே உடைந்தது. என்னோடு ஓட்டியவர்களில் இருவர், திரும்பும் வழியில் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு இடப்பக்கம் புகுந்து பறந்தார்கள். மாடும் ஆட்டோவும் குறுக்கே வராத இடத்தில் வளர்ந்த துணிச்சல் அது.

தடமும் அப்படியொன்றும் பத்திரமான இடமல்ல. 2023இல் மட்டும் இங்கே பந்தயங்களில் இருவர் உயிரிழந்தார்கள். ஒருவருக்கு வயது 13. பயிற்சி நாள் வேறு, பந்தயம் வேறு என்பது சரி. சுவர் ஒன்றுதான். சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்காது. பயிற்சி நாளுக்கும் காப்பீட்டு நிறுவனம் அதையே காட்டிக் கைவிரிக்கலாம். பம்பர் போனால் நம் பணம்தான்.

என் தீர்ப்பு: வருடம் ஒருமுறை போகலாம், பயிற்றுநர் பக்கத்தில் உட்காரும் நாளாகப் பார்த்து. சுற்று நேரம் கணக்கிடும் செயலி வேண்டாம். அதைத் திறந்த நிமிடமே பயிற்சி போட்டியாகிவிடும். போட்டியே வேண்டும் என்பவர், ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கூண்டு இல்லாத வீட்டுக் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, உரிமம் எடுத்து முறையாக இறங்கட்டும்.

போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். போகாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.