பரந்த நிலமும் மனித சுதந்தரமும்

கணினியில் ஆடும் விளையாட்டைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று நண்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நாடகமும் நாவலும் ஒரு காலத்தில் இத்தகைய ஏளனத்துக்கு ஆளானவையே. கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலும் புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்திலும் நம் வாலிபர் தம் இரவு நேரத்தை எந்தக் கற்பனை உலகில் கழிக்கின்றனரோ, அவ்வுலகைச் சோதித்துப் பார்ப்பது விமரிசகன் கடமையாகும்.

ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பரந்த நிலமெங்கும் விரும்பியவாறு திரியும் ஆட்டங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். இவற்றை விற்போர் பறைசாற்றும் பெருமைகள் இரண்டு: நிலம் பெரிது, ஆடுவோனுக்குச் சுதந்தரம் அதிகம். இவ்விரண்டும் ஒன்றேயென நம்புவது பிழை. நம் சிலாங்கூர் வரலாறே இதற்குச் சான்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது விடுத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டுமென்பது. பாதை இருந்தது, அதில் நிமிர்ந்து செல்லும் உரிமை இல்லை. ஆகவே ஓர் உலகம் எத்தனை காதம் நீண்டது என்பதைவிட, அங்கு வாழ்வோர் நிலை என்ன, நம் செயல் அவர்கள் வாழ்வைத் தொடுகிறதா என்று கேட்பதே நேரிய அளவுகோல்.

அமெரிக்க நிறுவனமாகிய பெதஸ்டா 2002இல் வெளியிட்ட ‘மாரோவிண்ட்’ இவ்வளவுகோலைப் பெரிதும் தாங்குகிறது. விடுவிக்கப்பட்ட கைதியாய்க் கப்பலில் வந்திறங்கும் நமக்குப் போகுமிடத்தைக் குறியிட்டுக் காட்டுவாரில்லை. ஊரார் சொல்லும் வழியைக் கேட்டே நடக்கவேண்டும். கதைக்கு இன்றியமையாத ஒருவனைக் கொன்றுவிட்டாலும் ஆட்டம் நம் கையைப் பிடிப்பதில்லை. கதை முறிந்ததென அறிவித்து, விரும்பினால் மேலே செல்லவும் விடுகிறது.

அவ்வுலகில் தோட்டங்களும் உள. பல்லியுருவும் பூனையுருவும் கொண்ட இனத்தார் கையில் விலங்கு பூட்டப்பெற்று அடிமைகளாய் உழைக்கின்றனர். சாவியைக் கைப்பற்றினால் அவர்களை ஒவ்வொருவராய் விடுவிக்கலாம். அடிமைகளைத் தப்புவிக்கும் ‘இரட்டை விளக்கு’ என்னும் இரகசியச் சங்கத்தாருக்கும் துணை நிற்கலாம். அவர்களைக் காணாதது போல் கடந்து போகவும் தடையில்லை. கட்டாயமின்மையால் அங்கே அறம் செய்தவனுக்கு உண்மையான பெருமையுண்டு. தோட்டக் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இப்பகுதியே மனத்தில் தைத்தது. ஆனால் எத்தனை பேரை விடுவித்தபோதிலும் அடிமை முறை அங்கே ஒழிவதில்லை. ஆடுவோன் பெற்ற சுதந்தரம் அவ்வுலக மக்களுக்குக் கிட்டவில்லை.

அதே நிறுவனத்தார் 2006இல் தந்த ‘ஆப்லிவியன்’ கண்ணுக்கு இனியது. ஊரார் உண்பதும் உறங்குவதும் தொழிலுக்குச் செல்வதும் நேரப்படி நிகழ்வது அதன் தனிச் சிறப்பு. எனினும் குறியொன்று நம்மை வழிநடத்துகிறது. வரைபடத்தைத் தொட்டதும் பெருநகர் போய்ச் சேரலாம். கதைக்கு வேண்டியவர் வெட்டுண்டாலும் மயங்கி விழுந்து மீண்டும் எழுவர். நாம் வலிமை பெறப் பெறப் பகைவரும் வலிமை பெறுகின்றனர். முடிவில் வழிப்பறிக் கள்வனும் விலைமிக்க கவசம் பூண்டு நிற்பான். அக்கவசத்தை விற்றால் ஆயுள் முழுதும் உண்ணலாமே, சில காசுக்கு ஏன் வழிமறிக்கிறான்? துரை வருகிறாரென்று பெருக்கி வைத்த முற்றம் போல, உலகம் முழுதும் ஆடுவோன் ஒருவனுக்காகவே காத்திருக்கிறது. வசதி பெருகிற்று, விளைவு குறைந்தது.

போலந்து நாட்டில் உருவாகி 2015இல் வெளிவந்த ‘விட்சர் 3’ வேறு வழி செல்கிறது. நாவலாசிரியர் சப்கோவ்ஸ்கி படைத்த ஜெரால்ட் என்னும் வேட்டைக்காரனாகவே பெரும்பாலும் ஆடவேண்டும், நாம் விரும்பிய பாத்திரத்தைப் படைத்துக்கொள்ள இயலாது. சுதந்தரம் குறைவுதான். ஆனால் போரால் சீரழிந்த வேலன் நாட்டில், மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியொன்றை விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைக்கின்றனர். அயலிலுள்ள சிற்றூர் அழிகிறது. ஒரு பிரபுவின் குடும்பமும் நாசமாகிறது. ஆவியைக் கொன்றால் சிற்றூர் தப்புகிறது. குழந்தைகள் கதி பரிதாபம். நன்மையென்று எண்ணிச் செய்ததன் விலையை ஏழைகள் கொடுக்கக் காண்கிறோம்.

எனவே என் தீர்ப்பு இது: திரிவதற்குச் சிறந்தது ‘மாரோவிண்ட்’, செயலின் பொறுப்பை உணர்த்துவதில் ‘விட்சர் 3’ மேலானது, ‘ஆப்லிவியன்’ அழகிருந்தும் இரண்டிலும் பிற்பட்டது.

கனடாவிலிருந்து 2023இல் வெளிவந்த ‘வெண்பா’, புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே களமாகக் கொண்டது. திரிவதற்கு அங்கே நிலமில்லை. ஆயினும் இட்டலித் தட்டின் முன் ஒரு தாயின் வாழ்வே விரிகிறது. லயமும் பெரட்டுக் களமும் பால்மர நிரையும் அறிந்த நம் வாலிபர், பிறர் சமைத்த உலகில் திரிவதோடு அமைந்துவிடலாமா? சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தவனின் கதையை ஆட்டமாக்கும் திறன் அவர்களுக்கு உண்டு. அதற்கு ஆயிரம் காதம் நிலம் வேண்டாம். ஒரு தோட்டத்துச் செம்மண் சாலை போதும்.