கரி மறப்பதில்லை, நிலம் மறக்கிறது

'ஃபீலிக்ஸ் இன் எக்ஸைல்' ஒன்பது நிமிடம்கூட ஓடாத படம். அதற்காகத் தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் வரைந்தவை 40 கரித்துண்டு ஓவியங்கள்தான். வழக்கமான அனிமேஷனில் ஒவ்வோர் அசைவுக்கும் புதுப்படம் வேண்டும். இவரோ ஒரே தாளில் வரைகிறார், நடந்துபோய்க் கேமராவில் ஓரிரு பிரேம் எடுக்கிறார், திரும்பி வந்து கொஞ்சம் அழித்து மறுபடி வரைகிறார். கரி முழுக்க அழியாது. கை நகர்ந்த பிறகும் அது முன்பிருந்த இடத்தில் சாம்பல் கறை தங்கிவிடும். அந்தக் கறையை நினைவின் வடிவம் என்று விமர்சகர்கள் சலிக்காமல் எழுதிவிட்டார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலுக்குச் சற்று முன்னால், 1994இல் முடிந்த படம் இது. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிச் சுரங்கங்கள் சூறையாடிப் போட்ட வெற்று நிலம். நாண்டி என்ற கறுப்பினப் பெண் அதை அளந்து வரைகிறாள். சுடப்பட்டுக் கிடக்கும் உடல்கள்மேல் செய்தித்தாள்கள் பறந்து வந்து மூடுகின்றன, பிறகு மண் அவற்றை உள்வாங்கிக்கொள்கிறது. இந்த உடல்களுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. வழக்கறிஞரான தந்தை சிட்னியின் அறையில் சிறுவன் கென்ட்ரிட்ஜ் சாக்லேட் என்று நினைத்துத் திறந்த பெட்டிக்குள் அந்தப் படுகொலையின் புகைப்படங்கள் இருந்தன.

புகைப்படம் நொடியில் அதிரவைக்கும், அடுத்த நொடி பக்கத்தைப் புரட்டிவிடுவோம். கென்ட்ரிட்ஜ் நம்மைப் புரட்ட விடுவதில்லை. ஒரு காயத்திலிருந்து ரத்தம் பரவுவதைக் கோடு கோடாகக் காட்டும்போது, யாரோ ஒருவர் இந்த உடலருகே நாள்கணக்கில் நின்றிருக்கிறார் என்று தெரிகிறது. செய்திப்படத்துக்குக் கொடுக்க முடியாதது இந்த நேரம். கையால் வரைவதன் நியாயமும் அதுதான்.

ஆனால் சுட்டது யார்? படத்தில் அவர்கள் இல்லை. நாண்டியும் சுடப்படுகிறாள், நிலம் அவளையும் விழுங்குகிறது. மழை வந்து போனதைப்போல மறதி தானாக நிகழ்கிறது. நிஜத்தில் அது தானாக நிகழவில்லை. கோப்புகளும் நீதிமன்றங்களும் சுரங்க முதலாளிகளும் சேர்ந்து செய்த வேலை அது. நிலம் அப்படி மறைப்பதையே படம் விமர்சிக்கிறது என்று அபிமானிகள் வாதிடலாம். மறைவதைக் காட்டுவது ஒன்று, மறைத்தவரைக் கேட்பது வேறு. தவிரவும், நாண்டியின் மரணம் கடைசியில் ஃபீலிக்ஸ் என்ற வெள்ளைக்காரரின் துக்கமாகிவிடுகிறது. விடுதி அறையில் அவளுடைய வரைபடங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர் அவர். நாமும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறோம்.

'ஹிஸ்டரி ஆஃப் தி மெயின் கம்ப்ளைன்ட்' (1996) இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. சுரங்க முதலாளி சோஹோ எக்ஸ்டைன் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறார். எக்ஸ்ரேயில் அவர் உடலுக்குள் அலுவலகச் சாமான்கள், நினைவில் சாலையோரம் அடிபடும் மனிதர். குற்றத்துக்கு ஓர் உடம்பு கிடைத்துவிட்டது. இங்கும் அகவாழ்வு முதலாளிக்குத்தான்.

என்னைக் கேட்டால் 'உபு டெல்ஸ் தி ட்ரூத்' (1997) அழகில் குறைந்தது, நேர்மையில் கூடியது. நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை ஆராய்ந்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் விசாரணை நடந்துகொண்டிருந்த காலம். கரியின் மென்மையை விட்டுவிட்டுக் கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகளால் கிறுக்குகிறார். முக்காலிக் கேமரா ஒன்று கால் முளைத்துத் திரிகிறது, பார்ப்பதே உடந்தை என்பதுபோல. 1976 சோவெட்டோ பள்ளி மாணவர் எழுச்சி உள்ளிட்ட ஆவணக் காட்சிகள் கோடுகளுக்கு நடுவே வெட்டிப் பாய்கின்றன. ஓவியத்தால் முடியாத இடத்தில் புகைப்படத்தைத் திரும்ப அழைத்தது துணிச்சல்தான். ஆனால் ஆண்டோ இடமோ சொல்லாமல் அவை பறந்துவிடுகின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் பார்ப்பவருக்கு அந்தத் தெருக்களுக்கு விளக்கம் தேவைப்படாது. லண்டன், நியூயார்க் காட்சிக்கூடங்களில் நிற்பவருக்கோ, ஓடுகிற அந்தப் பிள்ளைகள் இசையோடு சேர்ந்த ஒரு தாளமாக மட்டுமே எஞ்சக்கூடும்.