சுவருக்குள் கிடக்கும் கேபிள் போதுமா?

கட்டடத்தில் ஏற்கெனவே ஓடும் நெட்வொர்க் கேபிளிலேயே ஒலியையும் படத்தையும் அனுப்பலாம் என்று விற்கப்படும் கருவிகளை எடைபோடும்போது, கேபிள் வேறு, நெட்வொர்க் வேறு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். படத்தை அனுப்பும் எச்டிபேஸ்டி பெட்டிக்கும் ஒலியை அனுப்பும் டான்டே கருவிக்கும் வாய் ஒன்றுதான், ஆர்ஜே-45. ஏமாறுவது அங்கேதான். 2010இல் எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ், வாலென்ஸ் சேர்ந்து முன்வைத்த எச்டிபேஸ்டி, ஈதர்நெட் அல்ல. நான்கு ஜோடிக் கம்பிகளையும் தனக்கென்றே எடுத்துக்கொண்டு படம், ஒலி, கட்டுப்பாடு, மின்சாரம் எல்லாவற்றையும் 100 மீட்டர் வரை கொண்டுபோகும். நடுவில் ஒரு சுவிட்ச் வந்தால் படம் அங்கேயே நின்றுவிடும். பேட்ச் பேனலில் இரு முனைகளையும் நேராகக் கோத்துவிட முடிந்தால்தான் பழைய கேபிள் இதற்கு உதவும்.

ஆஸ்திரேலியாவின் ஆடினேட் உருவாக்கிய டான்டேயின் கதை நேர்மாறு. அது சுவிட்ச் வழியாகவே போகிறது. கணக்கும் அதற்குச் சாதகம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஒலி ஒரு சேனலுக்கு நொடிக்குச் சுமார் 1.15 மெகாபிட்; 64 சேனல் சேர்ந்தாலும் 75 மெகாபிட்டுக்குள். கிகாபிட் இணைப்புக்கு இது சுமையே இல்லை. நொடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே படமோ சுருக்காமல் அனுப்பினால் ஏறக்குறைய 12 கிகாபிட். ஆகவே என் தீர்ப்பு: ஒலியை இருக்கும் நெட்வொர்க்கில் விடலாம், படத்துக்குத் தனிக் கேபிள் வேண்டும்.

சுருக்கி அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். என்டிஐ முறையில் 1080பி படம் நூற்றுச் சொச்சம் மெகாபிட்டில் அடங்கிவிடுகிறது. கேமரா காட்சிக்கு அது நன்றாகவே போதும். எச்.264 பெட்டிகள் இன்னும் குறைவாகக் கேட்கும், ஆனால் தாமதம் கூடும். பேசுபவர் அதே அரங்கில் நிற்கையில் அவர் உதடு திரையில் பின்தங்குவதைப் பார்வையாளர்கள் உடனே கவனிப்பார்கள். மவுஸ் அசைவும் அப்படித்தான். அலுவலகப் போக்குவரத்தோடு கலந்தால் டான்டே திணறாதா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். திணறும், ஆனால் இணைப்பின் அகலம் போதாமல் அல்ல. எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தை நம்பியிருப்பதால். சுவிட்சின் மின்சிக்கன வசதி அந்தக் கடிகாரத்தைக் குலைக்கும். அதை அணைத்து, கடிகாரத்துக்கும் ஒலிக்கும் முன்னுரிமை தர இடமளிக்கும் மேனேஜ்டு சுவிட்ச் அவசியம்; மலிவான பெட்டிகளில் அந்த வசதி இருக்காது.

படத்துக்கான தனிக் கேபிளில் சிக்கனம் வேண்டாம். நிறத்தைக் குறைக்காத 4கே 60 வேண்டுமென்றால் எச்டிபேஸ்டி 3.0 கருவியும் கேட் 6ஏ கேபிளும் வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கேபிளும் சந்தையில் அதே பெயரில் விற்கிறது. தூரம் கூடக் கூட அதில் சிக்னல் தேயும், மின்சாரம் சேர்த்து அனுப்பினால் சூடும் ஏறும். கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.