முகமும் கோடும் எழுத்தும்: இசை உறைகளும் இதழ் முகப்புகளும்

கூத்தபிரானின் ஐந்து சபைகளில் தில்லைக்குப் பொன், மதுரைக்கு வெள்ளி, நெல்லைக்குத் தாமிரம், திருவாலங்காட்டுக்கு ரத்தினம். குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திரம். இங்கே அவர் சுவரில் தீட்டிய ஓவியமாகவே வழிபாடு பெறுகிறார். ஆட்டத்தையும் அதன் தாளத்தையும் வண்ணத்தால் உணர்த்திவிட முடியும் என்ற நம்பிக்கை இந்த மண்ணுக்குப் பழையது. இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டு நிறுவனங்களும் வார இதழ்களும் இதையே ஒரு கேள்வியாக வணிகக் களத்தில் சந்தித்தன: காதால் கேட்க வேண்டியதை, வாங்குமுன் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடத் தென்காசி வட்டாரம் பொருத்தமான இடம். ஒரு பக்கம் செங்கோட்டை, நாடகப் பாடகர் கிட்டப்பாவின் ஊர். நடுவே குற்றாலம், ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த இடம். ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் கோவில்பட்டி, காலண்டர் ஓவியத்தின் பிதாமகர் கொண்டைய ராஜுவின் பட்டறை இருந்த ஊர். குரல், அச்சுப் பக்கம், படம் என மூன்றுக்கும் ஒவ்வொருவர் இங்கே கிடைக்கிறார்கள்.

முதலில் குரல். எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழு வயதில் மறைந்தவர். அவர் திரைப்படத்தில் நடித்ததில்லை. நாடக மேடையில் அவரைப் பார்க்காதவர்களுக்கு அவர் ஒரு ரிக்கார்டு மட்டுமே. அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டின் உறை வெறும் காகிதம். நடுவில் வட்டமாக ஒரு துளை. துளை வழியாகத் தட்டின் லேபிள் தெரியும். உறை முழுவதும் கம்பெனியின் விளம்பரம். பாடகருக்குக் கிடைத்த இடம் உள்ளங்கையளவு வட்டம், அதிலும் பாதி நிறுவனத்தின் முத்திரைக்குப் போய்விடும். மீதியில் பெயர், பாட்டின் முதலடி, ராகம், தாளம்.

அத்தகைய முத்திரைகளில் ஒன்றான, பிரான்சிஸ் பராட் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த, கிராமபோன் முன் அமர்ந்திருக்கும் நாய், எழுத்தறியாத வீட்டிலும் அடையாளம் காணப்பட்டது. ‘நாய் மார்க்’ என்று கேட்டு வாங்கினார்கள். தரத்துக்கு உத்தரவாதம் அந்தப் படம். இசைக்கு உத்தரவாதம் கலைஞரின் பெயரோடு ஒட்டிய ஊர்ப்பெயர். செங்கோட்டை கிட்டப்பா, கொடுமுடி சுந்தராம்பாள், காருகுறிச்சி அருணாசலம் என்று ஊரைச் சொன்னதுமே பாணி, பரம்பரை, கேட்ட கச்சேரி எல்லாம் ரசிகருக்கு நினைவுக்கு வந்துவிடும். படம் போட இடமில்லாத வட்டத்தில் இரண்டு சொற்கள் செய்த வேலை இது.

மேல்நாட்டில் 1940ஐ ஒட்டி அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் கொலம்பியா நிறுவனத்துக்காக வரைந்த உறைகள், இசைத்தட்டை ஓவியத்தால் விற்கலாம் என்று காட்டின. 1948இல் எல்.பி. வந்தபின் பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஓவியருக்குத் தரப்பட்டது. தமிழில் அதற்கு முன்பே படத்துக்கு இடம் தந்தது சினிமாப் பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் காசுக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகத்தின் அட்டையில் நாயகன் நாயகி; உள்ளே பாடல்கள்; கதைச் சுருக்கம் முக்கியமான கட்டத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். பாட்டை வீட்டுக்கு எடுத்துப்போக வைத்ததும் மறுபடி கொட்டகைக்கு அழைத்ததும் அந்த ஒரே அச்சுப் பொருள்தான்.

படத்தின் கதை கோவில்பட்டியில் திரும்புகிறது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு அவர் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாக நாடெங்கும் போயின. அவர் பாணியைக் கவனித்தால் நாடக மேடை தெரியும். பின்னால் மலையும் அருவியும் தடாகமும் திரைச்சீலைபோல் விரிந்திருக்கும். முன்னால் தெய்வம் நேரே நம்மைப் பார்க்கும். ஒளி முகத்தில் விழும். எந்தப் பக்கம் நின்றாலும் கண்கள் நம்மை விடாது. கோயிலில் தரிசனம் எப்படியோ அப்படியே படத்திலும்.

பக்திப் பாடல்களின் உறைகள் இந்த முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. கார்த்திகை, மார்கழியில் அருவியில் நீராடி அச்சன்கோவில், ஆரியங்காவு வழியே மலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்துக்கு இரண்டாவது சீசனைத் தருபவர்கள். கேசட் காலத்தில் இந்தத் தடத்துக் கடைகள் பாடிக்கொண்டே இருந்தன. அந்தக் கேசட் அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். உயரம் சுமார் பத்து சென்டிமீட்டர், அகலம் ஆறரை. நடுவில் தெய்வத்தின் முகம், கிரீடத்தின் நுனி விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கும். தலைப்பு மஞ்சள் எழுத்தில், சிவப்புக் கரையோடு. பாடகரின் புகைப்படம் கீழ் மூலையில் ஸ்டாம்பு அளவில். பக்கவாட்டு முதுகில் மறுபடியும் தலைப்பு, கனத்த எழுத்தில். கடையில் அடுக்கி வைத்தால் முதுகு மட்டும்தானே தெரியும்! அவசரத்தில், கூட்டத்தில், மாலை போட்ட சாமி ஒருவர் ஐந்தடி தள்ளி நின்று கை காட்டி வாங்குவதற்கான வடிவம் இது. இதை மலிவான ரசனை என்று ஒதுக்குவது நியாயமில்லை. வாங்குபவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதை முழுதும் அறிந்தவர்களின் கைவேலை இது.

இதழ்களுக்கு வாய்த்த நேரம் வேறு. வாரம் முழுக்க வீட்டில் கிடக்கும் பொருள் அது. கை மாறும், மடியில் விரியும். அதனால் ஓவியர் அங்கே கோட்டை நம்ப முடிந்தது. 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன் மாலி, கோபுலு, சில்பி என்று ஒரு ஓவியப் பரம்பரையையே வளர்த்தது. 1941இல் தொடங்கிய கல்கி இதழில் மணியம் வரைந்த பொன்னியின் செல்வன் பாத்திரங்களை இன்றும் வாசகர் அந்த முகங்களாகவே நினைக்கிறார்கள்.

இசைக்கும் இதழுக்கும் நடந்த மிக நல்ல சந்திப்பு, 1950களின் பிற்பகுதியில் விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாள். கோபுலுவின் கோடுகளில் நாதஸ்வரக்காரர் மூச்சை அடக்கும்போது கன்னம் உப்புவதும், தவில்காரரின் தோள் நிமிர்வதும், முன்வரிசை ரசிகரின் தலை சாய்வதும் தெரிந்தன. அச்சுத்தாளில் ஒலி இல்லை. ஆனால் வாசிப்பவரின் உடலும் கேட்பவரின் உடலும் இருந்தன. 1968இல் அது படமானபோது தமிழர்கள் அந்தக் கச்சேரியை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

எழுத்தின் பக்கம் வந்தால் குற்றாலத்துக்கே திரும்ப வேண்டும். டி.கே.சி. (1882–1954) கவிதையை வாய்விட்டுப் படித்து அனுபவிக்கக் கற்றுக்கொடுத்தவர். கல்கி, ராஜாஜி போன்றோர் தேடி வந்து கேட்ட ரசனை அது. பாட்டை அச்சிடும்போதும் சந்தி பிரித்து, ஓசை நிற்கும் இடத்தில் வரியை உடைத்து, இடம் விட்டு அமைத்தார். கண் நிற்கும் இடத்தில் குரலும் நிற்கும். இது பக்க வடிவமைப்பு என்று அன்று யாரும் பெயர் சூட்டவில்லை. ஆனால் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உறை கிடையாது. அவர் அன்பர்களில் ஒருவரான கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி பிற்காலத்தில் ஜூனியர் விகடனில் ஆதிமூலத்தின் கோடுகளோடு வந்தது. இதழ்களுக்கும் நூல்களுக்கும் ஆதிமூலம் எழுதித் தந்த தலைப்பெழுத்துகள் தூரிகையின் வேகத்தையே அழகாக்கின. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் முகப்பில் அலங்காரத்தையே விலக்கி, வாசகரின் தீவிரத்தை நம்பியது.

இவற்றை வரிசையாக வைத்தால் ஒன்று புலப்படுகிறது. பரப்பும் பார்க்கும் நேரமும் குறைந்த இடத்தில் வாங்குபவர் முன்பே நேசிக்கும் ஒன்று முன்னே வருகிறது: தெய்வத்தின் முகம், நடிகரின் முகம், ஊரின் பெயர். பரப்பும் நேரமும் மிகுந்த இடத்தில் கோடும் எழுத்தும் துணிகின்றன. ரசிகர் அறியாத ஒன்றை அறிமுகம் செய்கின்றன. விற்பனைக்கு முதலாவது போதும். ரசனை வளர இரண்டாவது வேண்டும். இன்று பாட்டு கைபேசித் திரையில் கட்டைவிரல் நகமளவுச் சதுரமாகிவிட்டது. இனி வரைபவர்கள் அந்தச் சதுரத்துக்குள் முகத்தோடு நின்றுவிடாமல், ஒரு நல்ல தமிழ்த் தலைப்பெழுத்துக்கும் இடம் தேட வேண்டும். ஒரு வட்டத்தில் இரண்டு சொற்களால் கிட்டப்பாவைக் காட்ட முடிந்ததே.

அதற்குப் பாடம் படிக்கப் பழைய உறைகள் கைவசம் இருக்க வேண்டும். தொடர்கதையைக் கிழித்துப் பைண்டு செய்த நம் வீடுகள் கதையையும் உள்ளோவியத்தையும் காப்பாற்றின. அட்டையைப் பழைய பேப்பரோடு போட்டன. நூலக பைண்டிங்கிலும் முகப்புகள் போவது வழக்கம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் இதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பேணிவருகிறது. அந்த அக்கறை மாவட்ட நூலகங்களுக்கும் வர வேண்டும். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது. கிட்டப்பாவின் தட்டு, டி.கே.சி.யின் பக்கம், கொண்டைய ராஜுவின் படம் மூன்றையும் ஒரே அறையில் வைத்துக் காட்டும் உரிமையும் கடமையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு.