ராஜநாயக்கனுக்கு ஏன் குருப்பட்டம் கிடைக்கவில்லை?

ரொம்ப நாளாகக் கிடப்பில் இருந்த குறிப்பு இது. டென்னிஸ் ஹட்சன் எழுதிய 'புராட்டஸ்டன்ட் ஆரிஜின்ஸ் இன் இந்தியா' புத்தகத்தை இந்த வருஷம் இரண்டாவது தடவையாகப் படித்தேன். 2000ல் வந்த புத்தகம். 1706 முதல் 1835 வரை தமிழ் லுத்தரன் கிறிஸ்தவர்களின் கதை. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. வெளியே இருந்து வாசிக்கிற ஆள்தான். ஆனால் ஒரு சபைக்குள் யார் வேலை செய்கிறார்கள், யார் பெயர் வரலாற்றில் நிற்கிறது என்ற கேள்வி எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் புரியக்கூடியதுதான்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் போதகர் யார் என்று கேட்டால் 'ஆரோன்' என்று பதில் வரும். நம்ம பக்கத்து ஊர்க்காரர். கடலூர் வணிகக் குடும்பம், வேளாளர், பழைய பெயர் ஆறுமுகம். 1718ல் சீகன்பால்கிடம் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்றார். 1733 டிசம்பர் 28ஆம் தேதி அங்கேயே குருப்பட்டம். ரெட்டியார்பாளையத்திலிருந்து கடலூருக்கு வண்டியில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஆனாலும் பாண்டிச்சேரியில் ஆரோனைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே கிறிஸ்தவம் என்றாலே கத்தோலிக்கம், சம்பா கோவில், பிரெஞ்சுப் பாதிரிமார் என்றுதான் மனசில் வரும். அது தனிக்கதை.

ஆரோனுக்கு அந்தப் பட்டம் ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் சின்னத் துறைமுகம். அதைத் தாண்டினால் தஞ்சாவூர் ராஜாவின் நாடு. ஐரோப்பிய மிஷனரிகள் அதற்குள் நினைத்தபடி போய்வர முடியாது. ஆனால் சபையின் பெரும்பகுதி அந்தக் கிராமங்களில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே யாராவது போய் ஞானஸ்நானமும் நற்கருணையும் கொடுக்க வேண்டும். அதற்குத் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் தேவைப்பட்டது. அவ்வளவுதான். பின்னாளில் விழா மலர்களில் எழுதுகிற மாதிரி, இந்தியத் தலைமையை மனசார வரவேற்று எடுத்த முடிவு மட்டும் இல்லை அது.

இங்கே சபை வாழ்க்கை தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். லுத்தரன் சபையில் உபதேசியார் வேறு, போதகர் வேறு. உபதேசியார் ஊர் ஊராகப் போவார், வீடு வீடாக உட்காருவார், ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார், ஜெபம் நடத்துவார், சாவு வீட்டுக்குப் போவார், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைப்பார், ஞானஸ்நானத்துக்கு ஆட்களைத் தயார் செய்வார். பிறகு தரங்கம்பாடிக்கு வந்து, எங்கே போனேன், யாரிடம் என்ன பேசினேன் என்று மிஷனரிகளிடம் கணக்கு ஒப்புவிப்பார். போதகர் இதையெல்லாம் செய்யலாம், கூடவே நற்கருணைக் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வித்தியாசம். சபைக்குள் எல்லாமே அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது.

சரி, இப்போது ராஜநாயக்கன். 1700 வாக்கில் பிறந்தவர். பறையர் சமூகம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சேர்வைக்காரர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷப் புத்தகம் 1720களில் அவர் கைக்குக் கிடைக்கிறது. அதை வாசித்துத்தான் லுத்தரன் சபைக்கு வருகிறார். யாரும் போய்ப் பிரசங்கம் பண்ணி அழைத்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கூடப் பணியில் இருந்தவர்களிடமும் பேசி அவர்களையும் அழைத்து வருகிறார். சீக்கிரமே உபதேசியார் ஆகிறார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தஞ்சாவூர் வட்டாரச் சபைகளை நடத்தியது அவர்தான். கத்தோலிக்கர்களின் எதிர்ப்பும் அடிதடியும் இருந்தன. மிஷனரிகளின் அறிக்கைகளில் அவருக்குப் பாராட்டுக்குக் குறைவே இல்லை.

1741ல் இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வருகிறது. ராஜநாயக்கன் பெயரும் பேச்சில் அடிபடுகிறது. பட்டம் தியோகுவுக்குப் போகிறது. மிஷனரிகள் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்: ஆள் நல்லவர், உழைப்பாளி, சந்தேகமே இல்லை, ஆனால் பறையர் ஒருவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள், அவர் அவர்கள் வீட்டுக்குள்ளும் போக முடியாது. 1749ல் மூன்றாவதாக அம்புரோசு. அப்போதும் ராஜநாயக்கன் இல்லை. கடைசி வரை உபதேசியார்தான்.

லுத்தரன் சபையின் அடிப்படை ஆவணம் 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. அதன் எட்டாவது பிரிவு சொல்வது இதுதான்: நற்கருணையைக் கொடுக்கிறவர் கெட்டவராகவே இருந்தாலும் அந்த நற்கருணை செல்லும், ஏனென்றால் அது கிறிஸ்துவின் ஏற்பாடு, கொடுக்கிற ஆளின் சொத்து அல்ல. இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பாவி கொடுத்தால் செல்லும். ஆனால் தரங்கம்பாடியில், குறை சொல்ல முடியாத ஒருவர், பிறந்த சாதியால் கொடுக்கக் கூடாது. எட்டாம் பிரிவைப் படித்து வளர்ந்த ஹாலே பட்டதாரிகள்தான் அந்த முடிவை எடுத்தார்கள். அவர்களுக்கு இந்த முரண்பாடு தெரிந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவர்கள் பக்கமும் ஒரு வாதம் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. அதே அறிக்கையின் பதினாலாவது பிரிவு, முறையாக அழைக்கப்படாத யாரும் சபையில் போதிக்கவோ சடங்குகளை நடத்தவோ கூடாது என்கிறது. அழைப்பு என்றால் சபையின் சம்மதமும் அதில் சேர்த்திதான். சபை வேண்டாம் என்கிறபோது எப்படிப் பட்டம் கொடுப்பது? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் சபை? ராஜநாயக்கன் உருவாக்கிய கிராமச் சபைகளில் அவர் சமூகத்தவர்தான் பெரும்பாலோர். அவர்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். 'சபை' என்ற சொல் அந்த இடத்தில் எண்ணிக்கையில் குறைந்த, செல்வாக்கில் கூடிய ஒரு பகுதியை மட்டும் குறித்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, வீட்டோ பவர். ஒரு ஆள் மறுத்தால் ரிலீஸ் நின்றுவிடும். யாருக்கு அந்த உரிமை என்று எந்த ஆவணத்திலும் எழுதியிருக்காது.

இது லுத்தரன்களின் தனிக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஊர்ச் சாட்சியே இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745 அக்டோபர் பதிவைப் பாருங்கள். அன்றைய சம்பா கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அவர்கள் முறையிட்டதால் பாதிரியார் அதை இடிக்கச் செய்தார். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதே வருஷம்தான் ஆரோன் காலமானார். தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் சுவர் இல்லை, இடைவெளி விட்டுத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். சுவருக்குப் பதில் இடைவெளி. இடைவெளியை இடிக்க முடியாது என்பதுதான் அதில் சிக்கல்.

இப்போது ஹட்சனிடம் வருகிறேன். அவருக்கு முன்னால் வந்த வரலாறுகளோடு ஒப்பிட்டால்தான் அவர் செய்தது புரியும். ஆர்னோ லேமன் 1950களில் எழுதிய தரங்கம்பாடி வரலாற்றில் கதாநாயகர்கள் மிஷனரிகள். தமிழர்கள் துணைப் பாத்திரங்கள். ஹட்சன் அதைத் திருப்பிப் போட்டார். ஆரோன், ராஜநாயக்கன், பிறகு தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் என்று தமிழர்களை நடுவில் வைத்து, அவர்களுக்குக் கிறிஸ்தவம் என்னவாகப் புரிந்தது என்று கேட்டார். ராஜநாயக்கன் கதையை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது இந்தப் புத்தகத்தில்தான். அந்த நன்றி உண்டு.

ஆனால் புத்தகத்தின் பின்பாதியில் எனக்கு ஒரு நெருடல். அங்கே முழு வெளிச்சமும் வேதநாயக சாஸ்திரியார் மேல் விழுகிறது. 1774ல் பிறந்து 1864 வரை வாழ்ந்த பெரிய கவிஞர், ஸ்வார்ட்ஸிடம் வளர்ந்தவர், சந்தேகமில்லை. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவர் மோதினார். புகார்கள் நான்கு: பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், நற்கருணையில் எல்லாச் சாதியையும் கட்டாயமாகக் கலக்கிறார்கள், பூ வைக்கத் தடை, தமிழ்ப் பாட்டுக்குத் தடை. இந்த நாலையும் ஒரே மூச்சில் வாசித்தால், வெள்ளைக்காரர்களின் அதிகாரத்துக்கு எதிராகத் தமிழ்ப் பண்பாட்டைக் காக்கிற ஒருவர் தெரிகிறார். வேத மொழி, பூ, பாட்டு, மூன்றிலும் நான் சாஸ்திரியார் பக்கம்தான். ஆனால் நாலில் ஒன்று அந்த வரிசையில் சேராது. பாட்டைக் காப்பதும், பக்கத்தில் உட்கார மறுப்பதும் ஒரே 'பண்பாடு' ஆகாது. ஹட்சன் சாஸ்திரியாரின் வாதத்தை அவர் நின்ற இடத்திலிருந்து புரிந்துகொள்ள ரொம்பப் பாடுபடுகிறார். சாதி உலக வழக்கம், விசுவாசத்தோடு சம்பந்தமில்லை, ஐரோப்பிய ஆலயங்களிலும் பிரபுக்களுக்குத் தனி இருக்கை இருக்கிறதே என்ற வகை வாதங்கள். இடைவெளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அதே அளவு பாடு அவர் படவில்லை என்பது என் வாசிப்பு.

காரணம் அவருடைய மனசு இல்லை, ஆதாரங்கள். சாஸ்திரியார் சொந்தக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனார். ராஜநாயக்கன் பேசுவது மிஷனரிகளின் அறிக்கை வழியாக, ஜெர்மனில், சுருக்கமாக. எழுதியவர் பக்கம் நம்முடைய அனுதாபம் தானாகச் சாயும். ஆய்வாளர் அதைக் கவனித்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் எடை வைக்க வேண்டும். அந்த எடை இந்தப் புத்தகத்தில் குறைவு.

1835ல் புத்தகம் நின்றுவிடுவதால் இன்னொன்றும் விடுபடுகிறது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833ல் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் ஆங்கிலிகன் சபையை விட்டு, சாதி விஷயத்தில் கொஞ்சம் தளர்வாக இருந்த லைப்சிக் லுத்தரன் மிஷனுக்கு வந்தார்கள். அது பிடிக்காமல் அதே லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறினார் ஓக்ஸ் என்ற மிஷனரி. போய்த் தங்கியது கடலூர் பண்ருட்டி வழியில் இருக்கும் மேல்பட்டாம்பாக்கம். பின்னாளில் ஆற்காடு லுத்தரன் சபையாக வளர்ந்ததன் ஆரம்பம் அதுதான். ஆக, இந்தப் பக்கத்தில் இரண்டு லுத்தரன் சபைகள் இருப்பதற்குப் பின்னாலும் அந்தக் கிண்ணம்தான் இருக்கிறது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தரங்கம்பாடி மரபிலிருந்து வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919ல் உருவானது. முதல் பிஷப் சுவீடன்காரர், அவருக்குப் பின் வந்த இருவரும் சுவீடன் குடும்பத்தவர். தமிழர் ஒருவர், ராஜா பூஷணம் மாணிக்கம், பிஷப் ஆனது 1956ல். சீகன்பால்கு வந்து இறங்கி 250 ஆண்டுகள். விழாவில் சொல்லும் பட்டியல் 1733, 1741, 1749, 1956 என்று போகும். இதில் எந்த வருஷமும் பொய் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூர்க் கிராமத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. அவர்களுக்கு 'ஐயர்' என்பவர் எப்போதாவது வருகிறவர். காய்ச்சல் கண்டால் வந்து உட்கார்ந்தவர் உபதேசியார். அவர் மனைவியும் கூட வந்திருப்பார், அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

ஹாலேயில் அச்சான மிஷன் அறிக்கைகள் இப்போது ஆன்லைனில் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. பழைய ஜெர்மன் எழுத்து, கண்ணைப் பிடுங்கும். அதை வைத்து ஒரு அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறேன். பத்திகள் இவ்வளவுதான்: ஊர், ஆண்டு, ஜெபம் நடத்தியவர், நோயாளியைப் பார்க்கப் போனவர், அடக்கம் செய்தவர், ஞானோபதேசம் சொன்னவர், நற்கருணை கொடுத்தவர். குருப்பட்டப் பட்டியலில் இருக்கும் பெயர்கள் கண்டிப்பாக வர வேண்டிய இடம் கடைசிப் பத்தி ஒன்றுதான். முன்னால் இருக்கும் நாலு பத்திகளை நிரப்ப பழைய ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த யாராவது கூட உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.