சாயம் ஏறாத செல்கள்

மூளையின் படம் ஒவ்வொன்றும் ஒரு வாசிப்பு. 1873இல் கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயம், திசுவிலுள்ள செல்களில் மிகச் சிலவற்றையே கறுப்பாக்கியது. அந்தக் குறைதான் அதன் பலம். எல்லாம் கறுத்திருந்தால் எதுவும் தெரிந்திராது. அந்தச் சாயத்தில் கோல்ஜி தொடர்ச்சியான ஒரு வலையைக் கண்டார்: நம் பாம்பன் கரையில் காய்வதுபோல், இழையோடு இழை பிணைந்தது. ஸ்பெயினின் கஹால் அதே சாயத்தில் தனித்தனிச் செல்களைக் கண்டு வரைந்தார். 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் பங்கிடப்பட்டது. 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி செல்களுக்கிடையே இடைவெளியைக் காட்டியது. கஹால் வென்றார். 'நரம்பு வலை' என்றுதான் நாம் இன்னும் எழுதுகிறோம்.

2024இல் ஒரு பழ ஈயின் மூளை முழுவதும், 1,39,255 நரம்பணுக்களோடு, வரைபடமாயிற்று. எல்லாம் இருப்பதால் கண்ணுக்கு எதுவும் பிடிபடுவதில்லை. ஒரு சுற்றைப் பிரித்து நிறம் கொடுத்து, மற்றதை மங்கவைக்க வேண்டியிருக்கிறது. நிறங்கள் ஈயினுடையவை அல்ல. சாயம் தற்செயலாகச் செய்த தேர்வை இன்று ஆய்வாளர் பொறுப்பேற்றுச் செய்கிறார். அதே டிசம்பரில் சென்னை ஐஐடி, கருவிலுள்ள சிசு மூளையின் 5,132 வெட்டுப் படங்களைத் 'தரணி' என்று பொதுவில் வைத்தது. சேகரம் முடிந்தது, பார்ப்பது இனிமேல்தான்.

நம் விமர்சனமோ பெயர்களை வரிசைப்படுத்திவிட்டு இலக்கியத்தைக் காட்டிவிட்டதாக நம்புகிறது. பட்டியல் என்பது முழுக்கக் கறுத்த திசு. சிலவற்றை விடத் துணியாதவன் விமர்சகனல்ல. துணிவு மட்டும் போதாது: கோல்ஜியிடமும் சாயம் இருந்தது, அவர் கண்டது இல்லாத வலையை.