பனங்காட்டில் ஒட்டகச்சிவிங்கி

ஆப்பிரிக்கக் காடு பார்க்க வேண்டும் என்றாலே நம்மவர்கள் மசாய் மாராவுக்கும் செரங்கெட்டிக்கும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். போடட்டும். ஒரே சிங்கத்தைச் சுற்றி வரிசை கட்டி வண்டிகள் நிற்கிற கூத்தையும் பார்த்துவிட்டு வரட்டும். என்னைக் கேட்டால் உகாண்டாவில் இருக்கிற மர்ச்சிசன் நீர்வீழ்ச்சி தேசியப் பூங்காவுக்கு ஈடு இணை கிடையாது. போய்வந்ததிலிருந்து வீட்டில் இதைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

1952-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா. உகாண்டாவிலேயே பெரியது, 3,800 சதுர கிலோமீட்டருக்கு மேல். நட்ட நடுவே நைல் ஓடுகிறது. பறவை இனங்கள் மட்டும் 450-க்கு மேல். கம்பாலாவில் வேலை பார்க்கிற என் சித்தப்பா மகன்தான் வண்டி ஓட்டிவந்தான். சுமார் 300 கிலோமீட்டர், நல்ல சாலை. வழியில் ‘ரோலக்ஸ்’ தின்றோம். கடிகாரம் இல்லை, சுடச்சுடச் சப்பாத்திக்குள் ஆம்லெட்டை வைத்துச் சுருட்டித் தருவார்கள். உகாண்டாவின் தெருவோரத் தேசிய உணவு என்றே சொல்லலாம்.

நைலைக் கடக்க முன்பெல்லாம் பரா என்ற இடத்தில் வண்டியைப் படகில் ஏற்றுவார்களாம். இப்போது பாலம் வந்துவிட்டது. விடியற்காலையில் பாலத்தைத் தாண்டி வடகரையில் கொஞ்ச தூரம் போனதும் “நிறுத்து, நிறுத்து” என்று கத்தினேன். சிங்கம் என்று நினைத்துப் பதறிப்போய் பிரேக் போட்டான்.

எதிரே பனங்காடு.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சள் புல்வெளி, அதில் நூற்றுக்கணக்கில் பனைகள். அதே விசிறி ஓலை, அதே கருக்கு மட்டை. உற்றுப் பார்த்தால்தான் தண்டின் மேல்பாதியில் ஒரு வீக்கம் தெரிகிறது. இது பொராசஸ் ஏத்தியோப்பம்; நம் பனை பொராசஸ் ஃபிளபெல்லிஃபர். ஒரே பேரினம், பங்காளி வீடு. “அண்ணே, இம்புட்டு தூரம் வந்து பனமரத்தையா பாப்பீங்க?” என்றான் தம்பி. அவன் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பனைகளுக்கு நடுவிலிருந்து ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்தது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் ஒரு குட்டி. முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல் இருந்தால் அது ராத்ஸ்சைல்ட் வகை. உலகத்தில் மிஞ்சியிருக்கும் அந்த வகையில் பெரும்பங்கு இந்தப் பூங்காவில்தான் இருக்கிறது. பனங்காட்டுக்குள் ஒட்டகச்சிவிங்கி நடப்பதைத் திருநெல்வேலிப் பக்கம் பிறந்த ஒருவன் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? கேமராவை எடுக்கவே தோன்றவில்லை எனக்கு.

இங்கே பனையை யாரும் நடவில்லை. யானைதான் நடுகிறது. கீழே விழுந்த பழத்தை முழுசாக விழுங்கிவிட்டு, எங்கேயோ போய் லத்தியோடு கொட்டையைப் போடுகிறது. உரமும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. ஒரு மரத்தடியில் பழங்கள் சிதறிக்கிடந்தன. நம்மூர்ப் பழத்தின் கறுப்பு இல்லை, ஆரஞ்சு கலந்த மஞ்சள். வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி; ஜன்னல் வழியாகவே அந்த மணத்தை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டேன்.

பறவைக்காரர்களுக்கு இனிமேல்தான் விருந்து. தொங்குகிற காய்ந்த ஓலைகளின் அடிப்புறத்தில் பைனாகுலரை வையுங்கள். பனை உழவாரன்! நம் கிராமங்களில் பனையைச் சுற்றிச் சர்ரென்று பறக்குமே, அதன் ஆப்பிரிக்கச் சொந்தம். ஓலையின் அடியில் இறகுத் துணுக்குகளை எச்சிலால் ஒட்டி ஒரு சின்னத் திட்டு செய்கிறது. அதன்மேல் முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டிவைக்கிறது. காற்றடித்து ஓலை என்ன ஆட்டம் ஆடினாலும் முட்டை விழாது. தாயும் தகப்பனும் மாறிமாறி ஓலையைச் செங்குத்தாகப் பற்றிக்கொண்டே அடைகாக்கின்றன. ஓலை ஆட ஆட அந்தச் சாம்பல் முதுகும் சேர்ந்து ஆடியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தம்பி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிட்டான்.

அவன் எழுந்ததற்குக் காரணம் யானை. சிறிய கூட்டம், சாலையைக் கடந்தது. முன்னால் போன பெரிய யானையின் முதுகில் நீண்ட வாலோடு கறுப்புப் பறவைகள் சவாரி செய்தன. பியாபியாக்! காக்கைக் குடும்பம், பனைமரம் இருக்கிற இடத்தோடு ஒட்டி வாழ்கிற பறவை. யானை புல்லை மிதிக்கும்போது கிளம்புகிற பூச்சிகளை அப்படியே பிடித்துக்கொள்கிறது. யானை பனையை விதைக்க, பனை பியாபியாக்குக்கு வீடாக, பியாபியாக் யானைமேல் ஏற... இதைச் சொன்னால் “சரிண்ணே, சாப்பிடப் போலாமா” என்கிறான் பாவி.

இந்த யானைகள் இன்று இருப்பதே அதிசயம். ஒரு காலத்தில் இங்கே பத்தாயிரத்துக்கு மேல் இருந்தன. இடி அமீன் ஆட்சியிலும் அதற்குப் பின் வந்த உள்நாட்டுப் போர்களிலும் தந்தத்துக்காகச் சுட்டுத் தள்ளி, கடைசியில் சில நூறுதான் மிஞ்சின. காண்டாமிருகம் நாட்டிலேயே அடியோடு ஒழிந்தது. யானைகள் மெல்ல மீண்டிருக்கின்றன. இப்போது புதுத் தலைவலி பெட்ரோல். பூங்காவுக்குள்ளேயே எண்ணெய்க் கிணறு தோண்டியிருக்கிறார்கள். அந்த எண்ணெயை தான்சானியாவின் தாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோகத் திட்டம். எண்ணெய் வேலையால் ஆபத்து வந்தாலும் இனம் தப்பட்டும் என்று 2016-ல் ஒட்டகச்சிவிங்கிகள் சிலவற்றை நைலைத் தாண்டித் தென்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

மத்தியானம் படகு. பராவிலிருந்து நீர்வீழ்ச்சியை நோக்கி எதிர்நீச்சலாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கரையோரமெல்லாம் நீர்யானைகள் புர்ர் புர்ரென்று மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கின்றன. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று படகுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று சிறகடித்து, குறி பார்த்து, குத்தெனப் பாய்ந்தது. நம் ஏரியிலும் இதையேதான் செய்யும், ஆனால் பக்கத்தில் முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்காது. ஒரு திருப்பத்தில் மண்கரை முழுக்க ஓட்டைகள். செந்தொண்டைப் பஞ்சுருட்டான்களின் காலனி! பச்சை முதுகு, ரத்தச் சிவப்புத் தொண்டை. ஒவ்வொரு வளையிலிருந்தும் ஒன்று எட்டிப் பார்க்கிறது, பறக்கிறது, தேனீயோடு வருகிறது, கிளையில் அடித்துக் கொடுக்கை உதிர்க்கிறது. படகோட்டி எங்களுக்காக என்ஜினை அடக்கிக் கரையோரம் ஒதுங்கினார். கைக்கெட்டும் தூரம். மீன்பிடிக் கழுகின் அலறல், பாறைமேல் ராட்சத நாரை, சேணமூக்கு நாரை என்று மற்றதெல்லாம் வரிசையாக வந்தன. எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை.

ஆற்றில் வெள்ளை நுரை மிதந்து வரத் தொடங்கினால் நீர்வீழ்ச்சி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். படகு ஓரளவுக்கு மேல் போகாது. இறங்கி மலையேற வேண்டும். மூச்சு வாங்கும், ஏறுங்கள். மேலே போய்ப் பார்த்தால், அத்தனை பெரிய நைல் சுமார் 7 மீட்டர் அகலப் பாறை இடுக்கில் தன்னைத் திணித்துக்கொண்டு 43 மீட்டர் கீழே விழுகிறது. காலடியில் பாறை அதிர்கிறது. சாரலில் நனைந்த கற்களின்மேல் சின்னஞ்சிறு பாறை உழவாரக் குருவிகள், ‘ராக் பிராட்டின்கோல்’, ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கின்றன. நைல் பெர்ச் என்ற ராட்சத மீன் மேலே விக்டோரியா ஏரிக்குப் போகாமல் காலங்காலமாகத் தடுத்தது இந்த அருவிதான். 1950-களில் மனிதர்களே அதைக் கொண்டுபோய் ஏரியில் விட்டார்கள். அங்கிருந்த நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் அழிந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

எழுத்தாளர் ஹெமிங்வே 1954-ல் இந்த அருவியைப் பார்க்கத்தான் சிறுவிமானத்தில் வந்தார். பறவைக் கூட்டத்தைத் தவிர்க்கப் போய் விமானம் பழைய தந்திக் கம்பியில் மோதி விழுந்தது. உயிர் தப்பி, மறுநாள் வேறு விமானத்தில் ஏறினால் அது தீப்பிடித்தது. அதிலும் தப்பினார். பத்திரிகைகள் அதற்குள் இரங்கல் செய்தியே போட்டுவிட்டன.

அப்புறம் ஷூபில் பறவை. இதற்காகத்தானே போனேன்! நைல் ஆல்பர்ட் ஏரியில் கலக்கிற முகத்துவாரத்துக்கு, அருவிக்கு எதிர்த்திசையில், இன்னொரு படகு. பாப்பிரஸ் கோரைகளுக்கு நடுவே அங்குலம் அங்குலமாகத் துழாவினோம். ரேஞ்சர் பெண்மணி கையை உயர்த்தினார். சாம்பல் நிறம், நாலடி உயரம், மரக்கட்டையில் செதுக்கியதுபோல் ஒரு மூக்கு. அசையவே இல்லை. நுரையீரல் மீன் மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும், அதற்காகக் காத்திருக்கிறது. நாங்களும் காத்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. தம்பிகூடப் பேச்சை நிறுத்திவிட்டான். திடீரென்று அந்த முழு உடம்பும் முன்னால் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. எழுந்தபோது வாய் நிறையக் கோரையும் சேறும். மூக்கை இப்படியும் அப்படியும் அசைத்துக் குப்பையை மட்டும் வழியவிட்டது. கடைசியில் நெளிகிற மீன் மட்டும் நின்றது. ஒரே விழுங்கு. “யண்ணே!” என்று தம்பி என் தோளைப் பிடித்து உலுக்கியதில் பைனாகுலர் கண்ணில் இடித்தது. வலி அப்புறம்தான் தெரிந்தது.

குறையே இல்லையா? செட்சி ஈ இருக்கிறது. துணியைத் தாண்டிக் கடிக்கும். நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள். அதற்காகவே சாலையோரம் மருந்து தடவிய நீலக் கறுப்புத் துணிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தம்பி கருநீலச் சட்டையில் வந்திருந்தான். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்; சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் அங்கே நுழையவும் முடியாது, இங்கே நிம்மதியாகத் திரும்பவும் முடியாது. மலேரியா மாத்திரை முக்கியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. புல் தாழ்ந்திருக்கும், ஷூபில் கண்ணில் படவும் வாய்ப்பு அதிகம். காக்கி நிறச் சட்டை போடுங்கள். அருவிப் படகில் போகும்போது இடப்பக்கம் இடம் பிடியுங்கள். வடகரை அந்தப் பக்கம்தான், யானைகள் தண்ணீர் குடிக்க இறங்குவதும் அங்கேதான்.